அக்ரிலிக் வெட்டும்போது ஓரத்தை விடுங்கள், சீவலைப் பாருங்கள்

முதல் முறை சிஎன்சி ரவுட்டரில் (கணினி சொல்கிற பாதையில் பிட்டைச் சுழற்றி வெட்டுகிற மெஷின்) அக்ரிலிக் வெட்டிய அன்று நான் பட்ட பாட்டிலிருந்தே தொடங்குகிறேன். 6 மில்லிமீட்டர் தடிமனில் நல்ல தெளிவான ஷீட், அதிலிருந்து ஒரு காட்சிப் பெட்டிக்கு ஐந்து பலகைகள் எடுக்க வேண்டும். அதுவரை பிளைவுட்டும் எம்டிஎஃப்பும் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) மட்டுமே வெட்டிப் பழகிய ஆள் நான். அதே பழைய இரண்டு ஃப்ளூட் பிட்டை, அதாவது இரண்டு வெட்டுமுனை உள்ள பிட்டை மாட்டினேன், அதைச் சுழற்றுகிற ஸ்பிண்டிலை 24,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) ஓடவிட்டேன், அக்ரிலிக் உடையக்கூடிய சாமான் ஆயிற்றே, பதமாகப் போவோம் என்று ஃபீடை, அதாவது பிட் நகர்கிற வேகத்தை, நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டராகக் குறைத்துவைத்தேன். முதல் பத்து விநாடி அழகாகத்தான் போனது. அப்புறம் மூக்கைத் துளைக்கிற ஒரு வாடை. பிட்டைச் சுற்றி வெள்ளையாக ஏதோ நூல்கண்டு போலச் சுருண்டுகொண்டே வந்தது. எல்லாம் முடிந்து பலகையைத் தூக்கினால் வரவில்லை. பிட் போன தடம் பின்னாலேயே உருகி ஒட்டி மூடியிருந்தது, வெட்டினேன் என்று சொல்லவே முடியாத அளவுக்கு. கத்தியை விட்டு நெம்பி எடுத்தபோது ஓரம் அணைந்த மெழுகுவர்த்தியின் பக்கவாட்டைப் போல வழிந்து இறுகிக் கிடந்தது.

அன்று நான் எடுத்த முடிவு, ‘இன்னும் மெதுவாகப் போயிருக்க வேண்டும்’. அடுத்த முறை 400-இல் ஓட்டினேன். இன்னும் மோசம்.

இது ஏன் என்று புரிய எனக்கு இரண்டு ஷீட் செலவானது. அக்ரிலிக் வெட்டுவதில் முக்கால்வாசிப் பிரச்சினை வெப்பம்தான். அக்ரிலிக் சுமார் 105 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும். அதோடு வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்குதான். பிட் உரசி உண்டாகிற சூடு ஷீட்டுக்குள் பரவிப் போகாது, உரசிய இடத்திலேயே நிற்கும். அந்தச் சூடு வெளியேற உருப்படியான வழி ஒன்றுதான்: வெட்டுப்பட்டுப் பறக்கிற சீவல். சீவல் கொஞ்சம் தடிமனாக இருந்தால் சூட்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடும். மெல்லிசாக இருந்தால், பிட் வெட்டவே இல்லை, தேய்க்கிறது என்று அர்த்தம்.

என் முதல் நாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 600-ஐ 24,000-ஆல் வகுத்து, இரண்டு ஃப்ளூட்டுக்கு இரண்டால் வகுத்தால் 0.0125 மில்லிமீட்டர். ஒவ்வொரு வெட்டுமுனையும் ஒரு சுற்றில் எடுக்கிற சீவலின் அளவு அது. தலைமுடியை விட மெல்லிசு. அந்த அளவில் எவ்வளவு கூர்மையான முனையும் வெட்டாது, வழுக்கித் தேய்த்துக்கொண்டுதான் போகும். ஃபீடை 400 ஆக்கியபோது அதையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்திருக்கிறேன். பதமாக வெட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு சூடு போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிங்கிள் ஃப்ளூட் பிட், 16,000 ஆர்பிஎம், ஃபீட் நிமிடத்துக்கு 2,000. கணக்கு 0.125 வருகிறது, பழையதைப் போலப் பத்து மடங்கு. இந்த விட்டத்துக்கு 0.1-இலிருந்து 0.2 வரை எங்கே வைத்தாலும் அக்ரிலிக் ஒத்துழைக்கிறது. சிறிய பிட்டுக்குக் குறைவாகத்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் பிட் முறியும். இந்த எண்களை அப்படியே உங்கள் மெஷினில் போடாதீர்கள், அது தாங்குமா என்று தெரிந்துகொண்டு போடுங்கள். ஃபீடைக் கூட்ட மெஷினுக்குத் தெம்பு இல்லையென்றால் ஆர்பிஎம்மைக் குறையுங்கள், கணக்கில் இரண்டும் ஒன்றுதான். பலபேருக்கு ஆர்பிஎம்மைத் தொடவே தோன்றுவதில்லை. வேகமாகச் சுற்றினால் வழவழப்பாக வரும் என்று ஒரு நம்பிக்கை மரவேலையிலிருந்து கூடவே வந்துவிடுகிறது.

வெட்டும்போது எல்லோரும் ஓரத்தையே உற்றுப் பார்க்கிறார்கள். ஓரம் தெரியும் நேரத்தில் காரியம் முடிந்துபோயிருக்கும். சீவல்தான் உடனுக்குடன் பேசும். கையில் கொஞ்சம் அள்ளிப் பாருங்கள். தனித்தனியாக, சின்னச் சின்ன வளைந்த செதில்களாக, விரலில் உருட்டினால் மொரமொரவென்று இருந்தால் சரி. மாவு போல இருந்தால் பிட் தேய்க்கிறது, ஃபீடைக் கூட்டுங்கள் அல்லது ஆர்பிஎம்மைக் குறையுங்கள். நூல் நூலாக இழுபட்டு, தொட்டால் பிசுபிசுவென்று வெதுவெதுப்பாக இருந்தால் ஏற்கெனவே உருகத் தொடங்கிவிட்டது, உடனே நிறுத்துங்கள். செதில் பெரிதாகி ஓரத்தில் பொத்தல் பொத்தலாகச் சில்லு பெயர்ந்தால் அளவு மீறிப் போகிறீர்கள். இந்த நாலில் எது என்று பார்த்தாலே பாதி வைத்தியம் முடிந்தது.

பிட்டைப் பற்றி நீட்டாமல் சொல்கிறேன். சிங்கிள் ஃப்ளூட், அப்கட் சுருள் (சீவலை மேலே தூக்கிவிடுவது; டௌன்கட் கீழே தள்ளும்), கார்பைடு, உள்பள்ளம் கண்ணாடி போலப் பாலிஷ் செய்தது. ஓ-ஃப்ளூட் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரே முனை என்பதால் சீவல் வெளியேற இடம் அதிகம், ஒவ்வொரு சீவலும் தடிமனாக வரும். டௌன்கட் பிட் மேல் ஓரத்தை அழகாகக் கொடுக்கும் என்பது மரத்தில் சரி. அக்ரிலிக்கில் அது சீவலைத் தடத்துக்குள்ளேயே கீழே அமுக்கி, அதுவே திரும்ப உருகி ஒட்டும். இன்னொன்று, இதில் நான் கறார்: அக்ரிலிக்குக்கு என்று வைத்த பிட்டை எம்டிஎஃப்பில் ஒரு முறைகூட ஓட்டாதீர்கள். எம்டிஎஃப்பில் இருக்கிற பசை பிட்டின் கூர்மையை எப்படித் தின்னும் என்று கண்ணுக்குத் தெரியாது, அடுத்த அக்ரிலிக் ஓரத்தில்தான் தெரியும். என் டப்பாவில் அக்ரிலிக் பிட்டுகளின் தண்டில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு.

சரி, ஷீட். காஸ்ட் என்றும் எக்ஸ்ட்ரூடட் என்றும் இரண்டு ஜாதி. காஸ்ட் என்பது அச்சில் ஊற்றி இறுகவைத்தது, எக்ஸ்ட்ரூடட் அச்சுவாய் வழியே பிதுக்கி உருளைகளுக்கு நடுவே ஓட்டி எடுத்தது. காஸ்ட்டில் மூலக்கூறுச் சங்கிலிகள் மிக நீளம், அதனால் சூட்டில் சட்டென்று இளகாது, செதிலாக உடைந்து வரும். எக்ஸ்ட்ரூடட் சீக்கிரம் பிசுபிசுக்கும். ரவுட்டருக்குக் காஸ்ட் என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் தடிமன் ஒரே சீராக இருப்பது எக்ஸ்ட்ரூடட்டில்தான். காஸ்ட் ஷீட்டில் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் நன்றாகவே வித்தியாசம் வரும், 6 என்று எழுதியிருப்பதை நம்பாமல் காலிப்பரை வைத்து நாலு இடத்தில் அளந்துவிட்டு இசட் ஆழத்தை (பிட் கீழே இறங்குகிற அளவு) போடுங்கள். கையில் இருப்பது எது என்று தெரியாவிட்டால் துண்டு ஒன்றில் அடுத்தடுத்து இரண்டு கோடு வெட்டிப் பார்த்தால் போதும், சீவல் சொல்லிவிடும்.

இவ்வளவும் செய்து உருகுவது நின்றுபோன பிறகு அடுத்த தலைவலி ஆரம்பிக்கும்: ஓரத்தில் செங்குத்தாகக் கோடு கோடாக வரும் வரிகள். ‘ஃபீட் அதிகம், அதனால்தான் வரி’ என்று இதற்கும் எல்லோரும் ஒரே மருந்தைச் சொல்வார்கள். நானும் நம்பினேன், ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போடும்வரை. ஒரு சுற்றுக்கு 0.125 மில்லிமீட்டர் நகர்கிற 6 மில்லிமீட்டர் பிட், இரண்டு வெட்டுக்கு நடுவில் விட்டுச்செல்கிற மேட்டின் உயரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நகத்தில் தட்டுகிற வரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அப்போ வரி எங்கிருந்து வருகிறது?

ஓரத்தின் மேல் ஸ்கேலை வைத்து வரிகளை எண்ணினேன். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து வரி, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்று. பிட் ஒரு சுற்றுக்கு 0.125 நகர்கிறது என்றால் ஒரு மில்லிமீட்டருக்குள் எட்டுச் சுற்று முடிந்துவிடும். எட்டுச் சுற்றுக்கு ஒரு முறை விழுகிற வரிக்குப் பிட் எப்படிப் பொறுப்பாகும்? நிமிடத்துக்கு 2,000 என்பது விநாடிக்கு 33 மில்லிமீட்டர். ஆக ஏதோ ஒன்று விநாடிக்கு 33 தடவை அதிர்கிறது. கையை ஷீட்டின் மேல் வைத்துக்கொண்டு (பிட்டிலிருந்து தள்ளித்தான்) ஓட்டினேன், உள்ளங்கையில் தெரிந்தது. நாலு மூலையில் மட்டும் கிளாம்ப், நடுவில் ஷீட் காற்றில் நிற்கிறது, அப்கட் பிட் வேறு அதை மேலே தூக்குகிறது, தப்பட்டை மாதிரி அதிர்ந்துகொண்டிருந்தது ஷீட்தான். பலகைக்கு அடியில் முழுக்க இரட்டைப் பக்க டேப் ஒட்டி மறுபடி வெட்டினேன். அதே ஃபீட், அதே பிட், வரிகளில் பெரும்பகுதி காணோம். டேப்பைப் பிட் போகிற தடத்துக்கு உள்ளே தள்ளி ஒட்டுங்கள், இல்லையென்றால் பசை பிட்டில் ஏறி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். வேக்குவம் பெட் (ஷீட்டை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிற மேஜை) வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம்.

வரிகளின் இடைவெளி சுற்றுக்கான நகர்வோடு சரியாகப் பொருந்தினால் மட்டும் பிட் பக்கம் போங்கள். அப்போது பெரும்பாலும் பிட் மையம் விலகிச் சுற்றுகிறது. பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கிற கோலெட்டைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே ஒரு துளி தூசு ஒட்டியிருந்தால்கூடப் போதும். கோலெட்டையும் நட்டையும் துடைத்து, பிட்டை எவ்வளவு உள்ளே விட முடியுமோ அவ்வளவு விட்டு, வெளியே நீட்டுகிற நீளத்தைக் குறைத்தால் பாதி சரியாகும். தேவைக்கு மேல் 10 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிற பிட் வளைவது வெட்டும்போது தெரியாது, ஓரத்தில் தெரியும்.

முழு ஆழத்தையும் ஒரே அடியில் வெட்டி அதையே இறுதி ஓரமாக வைத்துக்கொள்வதை நான் விட்டுவிட்டேன். 6 மில்லிமீட்டர் ஷீட்டை 3, 3 என இரண்டு அடுக்காக வெட்டுவேன், பலகையின் பக்கம் 0.3 மில்லிமீட்டர் மிச்சம் வைத்து. அப்புறம் மெஷினை நிறுத்தி, தடத்தில் கிடக்கிற சீவலை முழுக்க உறிஞ்சி எடுப்பேன். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டீர்கள் என்றால் கிடக்கிற சீவலைப் பிட் இன்னொரு முறை மென்று ஓரத்திலேயே துப்பும். அதன்பின் ஷீட்டின் முழுத் தடிமனுக்கும் பிட்டை இறக்கி, ஒரே சுற்றாக அந்த 0.3-ஐச் சீவி எடுப்பேன். அடுக்கு மாறிய இடத்தில் கிடைமட்டமாக ஒரு கோடு விழுமே, அது இதில் போய்விடும். இந்தக் கடைசிச் சுற்றில் ஃபீடைக் குறைக்கலாம் என்று கை துடிக்கும், குறைக்காதீர்கள். பக்கவாட்டில் 0.3 மட்டும் கடிக்கும்போது சீவலின் உண்மையான தடிமன் கணக்கில் வருவதில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஏற்கெனவே மெல்லிசு. அதில் ஃபீடையும் குறைத்தால் மறுபடி தேய்ப்புதான். மிச்சத்தை 0.1 என்று வைப்பதும் இதே தப்பு.

திசையையும் பார்க்க வேண்டும். பலகையைச் சுற்றி வெளிப்பக்கமாகக் கடிகாரச் சுற்றில் போனால் கிளைம்ப், எதிர்ச்சுற்றில் போனால் கன்வென்ஷனல். என் மெஷின் பெல்ட்டில் ஓடுகிற லேசான ரகம், கிளைம்ப்பில் போனால் பிட் தன்னையே முன்னால் இழுத்துக்கொண்டு ஒரு குலுக்கல் வருகிறது, அதனால் கடைசிச் சுற்று எனக்கு எப்போதும் கன்வென்ஷனல்தான். கனமான மெஷினில் இது தலைகீழாகவும் இருக்கலாம். துண்டு ஒன்றில் இரண்டு திசையிலும் பத்து சென்டிமீட்டர் வெட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் விவாதமே வேண்டாம்.

பிட் இறங்குகிற இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுவதைக் கவனித்திருப்பீர்கள். நேராகக் குத்தி இறங்கி, அங்கேயே ஒரு கணம் நின்று, பிறகு நகர்கிறது. அந்த ஒரு கணத்தில் ஓரம் உருகிவிடும். பிட்டைக் கழிவுப் பக்கத்தில் சாய்வாக இறக்கி, ஒரு சின்ன வில் போட்டு ஓரத்தைத் தொடும்படி, பிட் போகும் பாதையை வகுக்கிற கேம் மென்பொருளில் அமையுங்கள். முடியும்போதும் தொடங்கிய புள்ளியைக் கொஞ்சம் தாண்டிப் போய், அதே மாதிரி வில்லாக விலகட்டும்.

ரொம்ப நாள் என்னை ஏமாற்றிய விஷயம் ஒன்று உண்டு. ஒரே ஷீட், ஒரே செட்டிங், பெரிய பலகைகள் அருமையாக வருகின்றன, அதே ஷீட்டில் வெட்டிய சின்ன எழுத்துகள் மட்டும் உருகுகின்றன. காரணம் மெஷின் நான் போட்ட ஃபீடை அந்தச் சின்ன வளைவுகளில் தொடவே இல்லை. வேகம் எடுப்பதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடுகிறது. திரையில் 2,000 என்று இருக்கும், நிஜத்தில் 700-இல் ஊர்ந்துகொண்டிருக்கும், ஸ்பிண்டில் மட்டும் 16,000-இல் சுற்றும். சின்ன வேலைக்கு ஆர்பிஎம்மைப் பத்தாயிரம் அளவுக்கு இறக்குவதுதான் வழி. உள்மூலைகளிலும் இதேதான். பிட்டின் ஆரத்துக்குச் சமமாக மூலையை வரைந்தால் பிட் அங்கே போய் நின்று திரும்பும். மூலையின் ஆரத்தைக் கொஞ்சம் பெரிதாக வரைந்துவிட்டால் நிற்காமல் வளைந்து போகும்.

காற்று. கம்ப்ரசரிலிருந்து ஒரு மெல்லிய குழாயைப் பிட்டின் முனைக்குக் குறிவைத்துக் கட்டிவிடுங்கள். குளிர்விப்பது அப்புறம், முதலில் சீவலைத் தடத்திலிருந்து விரட்டுகிறதே, அதுதான் பெரிய உபகாரம். ஷீட்டின் மேல் ஒட்டிவருகிற காகிதத்தையோ பிளாஸ்டிக் படலத்தையோ வெட்டும்வரை உரிக்காதீர்கள், கீறலிலிருந்து அதுதான் காப்பு. படலம் ஓரத்தில் லேசாக உரிந்திருந்தால் மட்டும் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிடுங்கள், பிட்டில் சுற்றிக்கொள்ளும்.

இவ்வளவும் சரியாக அமைந்தால் கிடைப்பது எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏமாந்து போகக் கூடாது. கார்பைடு பிட்டில் வருகிற நல்ல ஓரம் பனி படர்ந்த கண்ணாடி போல, ஒரே சீரான மங்கலாக, விரலுக்கு வழவழப்பாக இருக்கும். கண்ணாடி போலப் பளிச்சென்று ஊடுருவித் தெரியாது. அது மெஷினிலேயே வேண்டுமென்றால் வைர முனை பிட் வேண்டும், அல்லது கையால் பாலிஷ் செய்ய வேண்டும். கைவேலைக்கு நான் செய்வது, பழைய ஹேக்ஸா பிளேடின் முதுகை ஓரத்தின் மேல் செங்குத்தாக நிறுத்தி, ஒரே அழுத்தத்தில் இழுப்பது. சுருள் சுருளாக மெல்லிய தோல் உரிந்து வரும், பார்க்கவே திருப்தி. அப்புறம் 400, 600, 1000 என்று நீர் தொட்டு உப்புத்தாள், கடைசியில் துணிச் சக்கரம். மெஷின் ஓரம் நன்றாக இருந்தால் பிளேடும் 400-உம் தேவையே படாது, நேராக 600.

நெருப்பால் பளபளப்பாக்குவதும் உண்டு. பார்க்க மாயாஜாலம் போல இருக்கும், ஒரே ஓட்டத்தில் மங்கல் தெளிந்துவிடும். ஆனால் மேல்தோல் மட்டும் உருகி இறுகுவதால் ஓரத்துக்குள் இறுக்கம் தங்கிவிடும். ஒட்டப்போகிற ஓரத்தில் அதைச் செய்யாதீர்கள், கரைப்பான் பசை பட்டதும் வெடிப்பு விடும்.

வெடிப்பு என்றதும் அந்தப் பெட்டி ஞாபகம் வருகிறது. மூன்றாவது முயற்சியில் ஒருவழியாக ஐந்து பலகைகளும் ஓரளவு நன்றாக வந்தன. டேப் பசை கொஞ்சம் ஒட்டியிருந்தது, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஓரங்களையெல்லாம் பளிச்சென்று துடைத்து மேஜையில் அடுக்கிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் ஓரம் முழுக்க உள்நோக்கி வெள்ளி முடி போல நூறு கீறல்கள். விரலில் தட்டுப்படவில்லை, வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் மின்னின. வெட்டும்போது ஏறிய சூடு ஓரத்தில் இறுக்கமாகத் தங்கியிருந்திருக்கிறது, ஆல்கஹால் பட்டதும் அது வெடிப்பாக வெளியே வந்துவிட்டது. அசிட்டோன், அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் எல்லாமே இந்த வேலையைச் செய்யும். இப்போது சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் மட்டும்தான். ஒட்டவேண்டிய முக்கியமான பலகை என்றால் 80 டிகிரி அளவில் அடுப்பில் சில மணி நேரம் வைத்து, அடுப்புக்குள்ளேயே மெதுவாக ஆறவிட்டுப் பிறகு ஒட்டுகிறேன். அந்த இறுக்கம் தளர்ந்துவிடுகிறது.

இப்போதெல்லாம் ஒரு வேலை நன்றாக முடிந்தால் அதன் சீவலில் ஒரு பிடி எடுத்துச் சின்ன ஜிப் கவரில் போட்டு, ஷீட்டின் வகை, தடிமன், பிட், ஆர்பிஎம், ஃபீட் எல்லாவற்றையும் மேலே எழுதிச் சுவரில் குத்திவைக்கிறேன். பன்னிரண்டு கவர்கள் சேர்ந்திருக்கின்றன. புது ஷீட் வந்தால் துண்டில் ஒரு கோடு வெட்டி, வருகிற சீவலைக் கவரோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். 10 மில்லிமீட்டர் காஸ்ட்டுக்கு மட்டும் இன்னும் கவர் இல்லை. அதற்கான பிட் நீளம் அதிகம், எவ்வளவு உள்ளே விட்டாலும் கடைசிச் சுற்றில் அடிப்பக்கம் லேசாக விலகி, ஓரம் செங்குத்தாக நிற்காமல் ஒரு மயிரிழை சாய்கிறது. 8 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு சிங்கிள் ஃப்ளூட் வாங்கி வைத்திருக்கிறேன், தண்டில் சிவப்புப் பொட்டும் வைத்தாயிற்று.